கபடியைக் காமிக்கிற உரிமையும் ஒரு எலுமிச்சம்பழமும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமியார் ஊருக்குப் போகணும், கோவில் ஏலத்துல ஒரு எலுமிச்சம்பழம் எடுக்கணும், பஸ் ஏறி திண்டுக்கல் வந்து சேரணும்.

அம்புட்டுதான். இதுல சொதப்புறதுக்கு என்ன இருக்குன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

மாமியார் ஊரு சித்தையன்கோட்டையிலருந்து உள்ள போகணும். ஊர்ப் பேரு சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு அங்கதான் போயி சாப்பிடணும்.

அங்க காளியம்மன் திருவிழா முடிஞ்ச மறுநாள் ஏலம் நடக்கும். அம்மனுக்குச் சாத்துன சேலை, கலசத் தேங்காய், எல்லாத்தையும் ஏலம் விடுவாங்க. கடைசியா சூலத்துல குத்தி வச்ச எலுமிச்சம்பழம் வரும். அதுக்குத்தான் மவுசு. அந்தப் பழம் இருக்குற வீட்டுல தொட்டது துலங்கும்னு நம்பிக்கை.

மூணு வருசமா அந்தப் பழம் என் சகலை தங்கவேலு வீட்டுக்கே போகுது. என் பொண்டாட்டி ஜெயந்தியோட அக்கா புருசன். பழனி பக்கம் கீரனூர்ல வெங்காயம் போடுறவரு. வாயத் தொறந்தா 'ங்க' இல்லாம ஒரு வார்த்தை வராது. அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைலதான் நான் இன்னைக்கு இந்த நிலைமைல இருக்கேன், அதை அப்புறம் சொல்றேன்.

ஒவ்வொரு வருசமும் பழத்தைப் பூஜை அலமாரில வச்சுட்டு அவரு சம்சாரம், அதாவது என் மதினி, ஜெயந்திக்கு போன் போடும். "அம்மன் என் வீட்டுக்குத்தான் வரணும்னு பிரியப்படுறா ஜெயந்தி, நான் என்ன செய்ய?"

ஜெயந்தி சிரிச்சுக்கிட்டே போனை வைப்பா. வச்சுட்டு அடுப்படில பாத்திரம் விழுற சத்தம் கேக்கும்.

இந்த வருசம் விசயம் வேற. வர்ற வெள்ளிக்கிழமை ஜெயந்தி சொந்தமா தையல் கடை தொறக்குறா. பத்து வருசம் வீட்டுக்குள்ளயே தைச்சவ. புது மிசின் மேல அம்மன் பழத்தை வச்சுத்தான் மொதல் துணி தைக்கணும்னு முடிவு பண்ணிட்டா. அவளே ஏலத்துக்குப் போயிருப்பா. ஆனா முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆறு பிளவுசு கையில நிக்குது. அதனால வேற வழியில்லாம என்னைய அனுப்புனா. அந்த 'வேற வழியில்லாம'ங்கறத என் மூஞ்சிக்கு நேராவே சொன்னா.

"அஞ்சாயிரம் வரைக்கும் போங்க. ஏலக்காசு அடுத்த திருவிழாவுக்குள்ள கட்டுனா போதும். ஆனா ஒண்ணு, அங்க ஒரு கைக்கு ஒரு பொருள்தான். தேங்கா, சேலைன்னு நடுவுல எதுக்காச்சும் வாயத் தொறந்தீங்க, பழம் கேக்க முடியாது. கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

"நான் என்ன சின்னப்பிள்ளையா?"

அவ பஸ் காசை எண்ணி என் சட்டைப் பையில வச்சா. அதுவே பதில்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். இதனால ஒரு இம்சை உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் யாராச்சும் ஒருத்தரு பாக்கெட்டுலருந்து போனை எடுத்து நீட்டுவாங்க. மாமியார் ஊரு டீக்கடையிலயும் அதான் நடந்துச்சு.

"மாப்ள, இதுல மேட்ச் வரமாட்டேங்குது. செத்த பாருங்க." நீட்டுனது பாண்டி மச்சான். ஜெயந்தியோட பெரியப்பா மகன். ஊர்ல ஏலம் விடுறதும் அவருதான், கபடிக் கமிட்டிச் செயலாளரும் அவருதான்.

பாத்தேன். "போன் நல்லாத்தான் மச்சான் இருக்கு. ஆப்புக்காரன் காசு கேக்குறான்."

"முன்னாடி சும்மா காமிச்சானே?"

ஏலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. டீக்கடை பெஞ்சுல ஏழெட்டு பேரு இருந்தாங்க. எனக்கும் நாக்கு அரிச்சுச்சு. அங்கதான் ஆரம்பிச்சது எல்லாம்.

"சும்மா காமிச்சான்ல, அதுதான் மச்சான் தூண்டிலு! நம்ம ஊர்ல புதுசா ஒருத்தன் பிரியாணிக்கடை போடுறான்னு வைங்க. ஒரு வருசம் இலவசமாப் போடுறான். சனமெல்லாம் அங்கயே கெடக்கு. பக்கத்துக் கடைக்காரன் அடுப்ப அணைச்சுட்டு ஊரை விட்டே போறான். மறுநாளு காலைல இவன் போர்டு மாட்டுறான். இலைக்குத் தனி, தால்சாவுக்குத் தனி, உக்காந்து திங்கணும்னா தனி. நின்னுக்கிட்டே திங்கறவனுக்குக் கொஞ்சம் கம்மி. அந்த நின்னுக்கிட்டே திங்கறதுதான் உங்க மொபைல் பிளானு!"

பெஞ்சு சிரிச்சுச்சு. நான் விடுவேனா?

"காசு கட்டுனாலும் வெளம்பரம் வருது. ஒரு ஓவர் முடியறதுக்குள்ள பான்மசாலா, சிமெண்டு, பெயிண்டு. ஏன்னு கேளுங்க! மேட்சைக் காமிக்கிற உரிமைய ஏலத்துல கோடி கோடியாக் கொட்டி எடுத்துருக்கான். போட்ட காசு திரும்பி வரவே வராதுன்னு அவனுக்கே தெரியும். தெரிஞ்சும் எடுப்பான். ஏன்? எதிர்க்கம்பெனி எடுத்துறக் கூடாதுல்ல! படிச்சவனுங்க மச்சான், கோட்டு சூட்டு போட்டவனுங்க. கையைத் தூக்குனா இறக்கத் தெரியாத மூதிங்க!"

பாண்டி மச்சான் டீ கிளாஸைக் கீழ வச்சாரு. "அப்ப வெளையாடுறதுக்கு இல்ல, அதைக் காமிக்கிறதுக்கே காசா?"

"ஆமா."

"மைதானம் அவனுது இல்ல?"

"இல்ல."

"வெளையாடுறவனும் அவன் ஆளு இல்ல?"

"இல்ல மச்சான். காமிக்கிற உரிமை மட்டும்தான்."

"எம்புட்டு வருசத்துக்கு?"

"அஞ்சு வருசத்துக்கு மொத்தமா எடுப்பான். அந்தந்த வருசக் காசை அந்தந்த வருசம் முன்னாடியே கட்டணும். நம்ம கோவில் ஏலம் மாதிரி அடுத்த திருவிழாவுக்குத் தாரேன்னு சொன்னா விடுவானா?"

மச்சான் எந்திரிச்சாரு. என் டீக்கும் அவரே காசு கொடுத்தாரு. கல்யாணம் ஆன பதினோரு வருசத்துல அவரு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது அதுதான் மொதத் தடவை. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும்.

பதினொரு மணிக்கு ஏலம் ஆரம்பிச்சது. நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். சேலை போச்சு, தேங்கா போச்சு, வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துற உபயம் போச்சு. நான் அசையல. பக்கத்துல சகலை உக்காந்திருந்தாரு.

"நல்லாருக்கீங்களா சகலை? கடையெல்லாம் எப்படிப் போகுதுங்க?"

"போகுது சகலை."

"பழம் இந்த வருசம் நீங்க எடுக்கறதா ஜெயந்தி சொல்லுச்சாமுங்க. எடுங்க, எடுங்க. எங்களுக்கென்னங்க, மூணு வச்சிருக்கறோம்."

எவ்வளவு தங்கமான மனுசன்னு நினைச்சேன்.

அப்ப மைக்குல பாண்டி மச்சான் குரலு. "அடுத்து பழம் வரப்போகுது. அதுக்கு முன்னாடி இந்த வருசம் புதுசா ஒரு பொருள். இன்னைக்குச் சாயந்தரம் நடக்குற கபடிப் போட்டிய செல்போன்ல நேரலையாக் காமிக்கிற உரிமை! கம்பெனி முறைப்படி ஏலம்! ஐநூறு ரூவாலருந்து ஆரம்பம்!"

கூட்டம் கொல்லுனு சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சேன். எவன் எடுப்பான் இதைப் போயி!

"ஐநூறுங்க." பக்கத்துலருந்து சகலை.

நான் திரும்பிப் பாத்தேன். வெங்காயக்காரருக்கு லைவு எதுக்கு?

"சும்மாத்தானுங்க சகலை. நம்ம பையனுங்க பாப்பாங்கன்னு."

பின்னாடியிருந்து ஒருத்தன் கத்துனான். "திண்டுக்கல் மாப்ள! போன் கடை வச்சிருக்கது நீங்க! வெங்காயத்துக்கு விட்டுருவீங்களா?"

இந்த எடத்துல என் மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு ஒரு சேனல் இருக்கு. டிஸ்ப்ளே மாத்துறது எப்படின்னு வீடியோ போடுவேன். அதைப் பாக்குறவங்கள்ல பாதிப் பேரு சொந்தக்காரங்க. இந்த ஊர்க்காரங்க திருப்பூர்ல எக்கச்சக்கமா இருக்காங்க. ஆளுக்கு இருவது ரூவா. அப்புறம் வளைகுடா நாட்டுல இருக்கறவங்க. அப்புறம் வெளம்பரம். என் மனசுல ஒரு கம்பெனியே தொறந்து ரிப்பன் வெட்டியாச்சு.

ஒரு கைக்கு ஒரு பொருள்ங்கறதும் ஞாபகம் வந்துச்சு. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது எப்படி பொருளாகும்? கையில பிடிக்க முடியுமா? பையில போட முடியுமா? காத்துல போற சமாச்சாரம்! காசும் அடுத்த வருசந்தானே!

"ஆயிரம்!"னு கத்துனேன்.

"ஆயிரத்து ஐநூறுங்க."

"ரெண்டாயிரம்!"

"நீங்களே எடுத்துக்கங்க சகலை, எனக்கு எதுக்குங்க. சரி, ஒரு பேச்சுக்கு, மூவாயிரமுங்க."

அந்த 'ஒரு பேச்சுக்கு'தான் என் நெஞ்சுல குத்துச்சு. நாலாயிரம்னேன். அவரு அஞ்சுன்னாரு. ஆறுன்னேன். அவரு ஆறரைன்னாரு. கூட்டத்துல விசில் பறக்குது. "மாப்ள விடாதீங்க!"ங்கறான் ஒருத்தன். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. அவனுக்காக நான் ஏழாயிரம் சொன்னேன்.

"எட்டாயிரமுங்க."

"எட்டாயிரத்து ஐநூறு!"

சகலை துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "போதுமுங்க. நமக்கு அவ்வளவு வசதி இல்லீங்க."

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கொட்டு அடிச்சாங்க. நான் எந்திரிச்சுக் கும்பிட்டேன். ஆமா, கும்பிட்டேன்! எம்எல்ஏ ஆனவன் மாதிரி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். அதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

"மாப்ள, காசு?"ன்னாரு பாண்டி மச்சான்.

"அடுத்த திருவிழாவுக்குள்ள தந்துடுறேன் மச்சான்."

"அது பழத்துக்கும் தேங்காய்க்கும் மாப்ள. இது கம்பெனி முறை. முன்னாடியே கட்டணும்னு நீங்கதான காலைல சொன்னீங்க?"

பெஞ்சுல இருந்த ஏழெட்டு பேரும் தலையாட்டுனாங்க. சாட்சியோட மாட்டிக்கிட்டேன். மதுரைல டிஸ்ப்ளே சரக்கு எடுக்க வச்சிருந்த காசு போன்ல இருந்துச்சு. கோவில் உண்டியல் பக்கத்துல ஒட்டியிருந்த க்யூஆர் கோடுல அனுப்பிவிட்டேன். மச்சான் ரசீது எழுதிக் கொடுத்தாரு. படிக்காம மடிச்சு சட்டைப் பையில வச்சேன். ஜெயிச்சவன் ரசீதெல்லாம் படிப்பானா?

அப்புறம் பழம் வந்துச்சு. தாம்பாளத்துல, மஞ்சள் குங்குமத்தோட.

"நூறு ரூவாலருந்து ஆரம்பம்!"

"ஐநூறு!"ன்னேன் நான்.

மச்சான் மைக்கை ஒரு பக்கமா மறைச்சுக்கிட்டாரு. "மாப்ள, நீங்க எடுத்துட்டீங்க. ஒரு கைக்கு ஒரு பொருள்தான்."

"அது பொருளே இல்ல மச்சான்! கையில எதையாச்சும் கொடுத்தீங்களா? எங்க, காமிங்க பாப்போம்!"

"காசு கொடுத்தீங்களா இல்லையா?"

"கொடுத்தேன்."

"காசு கொடுத்து வாங்குனா பொருள்தான் மாப்ள. உக்காருங்க."

நான் சகலையைப் பாத்தேன். சகலை அம்மனைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டு மெதுவாச் சொன்னாரு. "முன்னூத்தி ஒண்ணுங்க."

வேற எவனும் வாயத் தொறக்கல. எங்க ரெண்டு பேரு போட்டில வெலை எகிறும்னு நினைச்சு, பழத்துக்கு ஆசைப்பட்டவங்க எல்லாம் முன்னாடியே தேங்கா, சேலைன்னு எடுத்துக் கையை முடிச்சுக்கிட்டாங்க. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். போன வருசம் நாலாயிரம் போன பழம், முன்னூத்தி ஒரு ரூவா! அதுவும் அடுத்த திருவிழாவுக்குள்ள கட்டுனாப் போதும்!

"சகலை, அப்ப அந்த லைவு ஏலம்?"

"ஏனுங்க சகலை, ஒரு கைக்கு ஒரு பொருள்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" பழத்தை மஞ்சத் துணில சுத்திக்கிட்டே கேட்டாரு. முகத்துல அம்புட்டு அக்கறை.

எதிராளி காசைக் கரைக்கிறதுக்குன்னே ஏலத்துல கையைத் தூக்குவானுங்கன்னு கம்பெனிக்காரங்களைப் பத்தி எங்கயோ படிச்சிருந்தேன். நானே நாலு பேருக்குச் சொல்லிருக்கேன். அதைக் கீரனூர் வெங்காயக்காரரு எந்த காலேஜுலயும் படிக்காம, துண்டை உதறுற நேரத்துல எனக்கு நடத்திக் காமிச்சிட்டாரு.

சரி, போட்ட காசையாச்சும் எடுப்போம்னு கிளம்புனேன். ஊர்க் குரூப்புல செய்தி போட்டேன். 'கபடி நேரலை. இருவது ரூபா அனுப்பினால் லிங்க் வரும்.' டீக்கடைக்கார அண்ணன்கிட்ட வெளம்பரம் கேட்டேன். "ரெய்டுக்கு ரெய்டு உங்க கடை பேரு சொல்லுவேண்ணே, பாத்து செய்யுங்க." பாத்து செஞ்சாரு. உளுந்த வடை ரெண்டு. அதுல ஒண்ணு ஆறிப்போனது.

சாயந்தரம் நாலரைக்குப் போட்டி ஆரம்பிச்சது. மைதானம் என் மாமியார் வீட்டுக்குப் பின்னாடிதான். ஒரு பிளாஸ்டிக் சேர் மேல ஏறி நின்னு லைவ் போட்டேன்.

காசு கட்டுனது ஏழு பேரு. அதுல ஒண்ணு, வேலை செய்யுதான்னு பாக்க நானே எனக்கு அனுப்புனது. இன்னொண்ணு சகலை. "உங்களுக்கு ஒரு ஆதரவா இருக்கட்டுமுங்க"ன்னாரு.

ஆனா பாக்குறவங்க எண்ணிக்கை முன்னூத்திச் சொச்சம் காமிக்குது! எப்படின்னு விசாரிச்சேன். சகலை இருவது ரூவா கட்டி வாங்குன லிங்க்கை ஊர்க் குரூப்பு, திருப்பூர் குரூப்பு, வெங்காய மண்டி குரூப்பு எல்லாத்துலயும் போட்டுட்டாரு. மேல ஒரு வரி வேற எழுதியிருந்தாரு. 'எங்க சகலை போடறாருங்க, எல்லாரும் பாருங்க.'

காசு கட்டுன புண்ணியவான் எவனும் வாயத் தொறக்கல. ஓசில பாக்குறவன் இருக்கான் பாருங்க, அவன் அதிகாரத்துக்கு அளவே இல்ல! 'கேமராவ இடது பக்கம் திருப்பு', 'தலை மறைக்குது, சேரைத் தள்ளிப் போடு', 'வடை வெளம்பரத்த நிறுத்துய்யா, ரெய்டு போச்சு'. ஒருத்தன் 'கிளாரிட்டி பத்தல, இதுக்குப் போயி காசா?'ன்னு எழுதியிருந்தான். அவன் பேரை அந்த ஏழு பேர்ல தேடுனேன். இல்ல.

செத்த நேரத்துல முன்னூறு இருநூறாச்சு. இருநூறு அம்பதாச்சு. அம்பது பதினொண்ணாச்சு. என்னடான்னு நிமிந்து பாத்தேன்.

மைதானத்தைச் சுத்தி நிக்குற அத்தனை பேரு கையிலயும் போனு! ஒருத்தன் திருப்பூர்ல இருக்குற தம்பிக்கு வீடியோ காலு, ஒருத்தன் குவைத்துல இருக்குற மச்சானுக்கு. நடுவரு கூட பாக்கெட்டுல போனை வெளிய தெரியற மாதிரி வச்சு லைவ் போட்டுக்கிட்டிருக்காரு. மைதானத்துக்குள்ள நின்னு! அவரு ஆங்கிளு என்னோடத விட நல்லாருந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சேரை விட்டு எறங்கி, கமிட்டி மைக்கைப் பிடுங்கிட்டேன்.

"எல்லாரும் போனைக் கீழ இறக்குங்க! காமிக்கிற உரிமை என்னுது! எட்டாயிரத்து ஐநூறு ரூவா கட்டியிருக்கேன்!"

ஊரே என்னையத் திரும்பிப் பாத்துச்சு. திரும்பிப் பாத்து, போனை என் பக்கம் திருப்பி, என்னையப் படம் பிடிச்சுச்சு.

"ஏலே, பாண்டி!"ன்னு ஒரு பெரியவரு சத்தம் போட்டாரு. "எங்க கண்ணால பாக்குறதுக்கும் உங்க மாப்பிள்ளகிட்ட காசு கட்டணுமா, இல்ல அது இலவசமா?"

அதோட நின்னுருக்கலாம். நிக்கல. மாமியார் வீட்டு மொட்டை மாடியைப் பாத்தேன். அங்கயும் ஒரு போன் கைப்பிடிச் சுவத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கு. பிடிச்சிருக்கது யாரு? என் மாமியார்! ரெண்டு ரெண்டு படியாத் தாவி மேல ஏறுனேன். கையில மைக்கு இல்ல, என் போனு மட்டும் இருந்துச்சு.

"அத்தை, போனை இறக்குங்க. இது சட்டப்படி தப்பு."

"என்ன தப்பு மாப்ள?"

"இந்தக் கபடியக் காமிக்கிற உரிமை என்கிட்டதான் இருக்கு."

"என் மவளுக்கு நான் காமிக்கிறேன். அதுக்கு உங்ககிட்ட டிக்கெட்டு வாங்கணுமா?"

மவளுக்கா?

அத்தை போனை என் பக்கம் திருப்புனாங்க. போனுக்குள்ள ஜெயந்தி. கழுத்துல இஞ்சி டேப்பு, வாயில ரெண்டு குண்டூசி. எம்புட்டு நேரமாப் பாக்குறான்னு தெரியல. குண்டூசியை எடுத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டா.

"பழம் எங்க?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அத்தைக்குப் பின்னாடியிருந்து மதினி எட்டிப் பாத்துச்சு. கையில மஞ்சத் துணி. "ஜெயந்தி, இந்தா பாரு! நான் வேணாம்னுதான் சொன்னேன். அம்மன் என் வீட்டுக்குத்தான் வரணும்னு…"

"அக்கா, நீ செத்த நகரு. ஏங்க, உங்ககிட்டதான் கேக்குறேன். எலுமிச்சம்பழத்துக்குப் போன ஆளு எதுக்கு மைக்கைப் பிடிச்சு ஊரையே வையுறீங்க?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். திருப்பூரு, இருவது ரூவா, வடை வரைக்கும். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமா இருந்துச்சு. ஜெயந்தி திட்டுனா பாருங்க! பத்து நிமிசம். நடுவுல ஒரு தடவை கீழ மைதானத்துல காது கிழியற மாதிரி சத்தம் வந்துச்சு. கடைசி ரெய்டுல நம்ம ஊரு ஜெயிச்சுருச்சாம். நான் பாக்கல. குனிஞ்ச தலையோட என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் என் கையிலிருந்த போன் கண்ணுல பட்டுச்சு.

லைவை நிறுத்தவே இல்ல!

பாக்குறவங்க எண்ணிக்கை அறுநூத்திச் சொச்சம். கமெண்ட்டு மழையாக் கொட்டுது. 'கபடிய விட இது நல்லாருக்கு.' 'அக்கா, விடாதீங்க.' 'அண்ணே, போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, அக்கா மொகம் தெரியல.' அத்தனைலயும் ஒருத்தன்தான் நியாயஸ்தன். 'இதுக்கு இருவது ரூவா தாராளமாக் கொடுக்கலாம்'னு எழுதியிருந்தான். கொடுக்கல.

ராத்திரிதான் வீடு வந்து சேந்தேன். ஜெயந்தி தட்டுல தயிர்சோறு வச்சா. வெஞ்சனம் என்னன்னு பாத்தேன். எலுமிச்சை ஊறுகாய். வேணும்னேதான் வச்சா.

எனக்கு அப்பதான் நெசமாவே வலிச்சுச்சு. எட்டாயிரத்து ஐநூறு கூட இல்ல. வெள்ளிக்கிழமைக்கு மிசின் மேல சந்தனம் வச்சு, பழத்துக்குன்னு ஒரு சின்ன பித்தளைத் தட்டைத் தேச்சு வச்சிருந்தா. அது காலியா இருந்துச்சு. பதினோரு வருசத்துல அவ என்கிட்ட கேட்ட ஒரே ஒரு பழம்.

"அடுத்த வருசம் கண்டிப்பா எடுத்துருவேன் ஜெயந்தி. சகலை என்ன சொன்னாலும் வாயத் தொறக்க மாட்டேன்."

அவ என் சட்டையைத் துவைக்க எடுத்தா. பையில இருந்த ரசீதை விரிச்சு வாசிச்சா. நிதானமா ரெண்டாவது தடவையும் வாசிச்சா.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"இல்ல."

"நேரலை உரிமை, வருசம் ஒண்ணுக்கு எட்டாயிரத்து ஐநூறு. மொத்தம் வருசம் அஞ்சு. கம்பெனி முறைப்படி."

டீக்கடை பெஞ்சு, பாண்டி மச்சான் கீழ வச்ச கிளாஸு, நான் வாயால சொன்ன அந்த அஞ்சு வருசம், எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. அஞ்சு வருசத்துக்கு என் கையில கபடி இருக்கு. ஒரு கைக்கு ஒரு பொருள்தான். அஞ்சு வருசத்துக்கு நான் எலுமிச்சம்பழம் கேக்க முடியாது!

ஜெயந்தி ரசீதை நாலா மடிச்சு, அந்தக் காலி பித்தளைத் தட்டுல வச்சா.

"கைதான கணக்கு? உங்க கை போனாப் போகட்டும். என் கை சும்மாத்தான் இருக்கு. அடுத்த வருசம் ஏலத்துக்கு நான் போறேன். நீங்க வீட்டுல உக்காந்து என் வேலையப் பாருங்க. இப்பருந்தே பழகிக்கங்க."

ஆறு பிளவுசையும் ஒரு டப்பா ஊக்கையும் மடியில போட்டுட்டுப் போயிட்டா.

காலைலருந்து ஊக்கு தைச்சுக்கிட்டிருக்கேன். இதைக் காமிக்கிற உரிமைய மட்டும் எவன் எம்புட்டு கொடுத்தாலும் விக்கிறதா இல்ல.